70 சதவீதம் எப்படித் தோற்றது?

ஐயா,

ஐரோப்பிய நாடுகள் மோதும் பாட்டுப் போட்டியான யூரோவிஷனுக்கு நாடுகள் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் விதம் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு ஸ்பெயினின் தேர்வுப் போட்டியான பெனிடார்ம் ஃபெஸ்ட் 2022 முடிவுகளைத் தேடிப் பார்த்தேன். மக்கள் வாக்கில் 70 சதவீதத்துக்கு மேல் வாங்கிய தன்ஷுகெய்ராஸ் குழு மூன்றாமிடம். 4 சதவீதம்கூட வாங்காத பாடகி ஷனேல் முதலிடம். இது மோசடிதானே? நடுவர்களே இல்லாமல் மக்கள் ஓட்டை மட்டும் எண்ணினால் என்ன?

முருகேசன்

அன்புள்ள முருகேசன்,

மோசடி இல்லை. கூட்டலில் பிழையும் இல்லை. கோளாறு, வாக்கைப் புள்ளியாக மாற்றிய இடத்தில் இருந்தது.

மொத்தம் 120 புள்ளிகள். ஐந்து நடுவர்கள், தலைக்கு 12 வரை, ஆக 60. வயதும் பகுதியும் பார்த்து நாடெங்கும் பொறுக்கியெடுத்த ரசிகர்களின் மாதிரிக் குழுவுக்கு 30. ஃபோனிலும் எஸ்எம்எஸ்ஸிலும் வரும் மக்கள் வாக்குக்கு 30. இந்த வரிசையில் ஷனேலுக்கு 51, 25, 20, கூட்டினால் 96. இரண்டாமிடம் வந்த பாடகி ரிகோபெர்த்தா பாந்தினிக்கு 46, 20, 25, மொத்தம் 91. தன்ஷுகெய்ராஸுக்கு மூன்றிலும் 30, ஆக 90.

மக்கள் வாக்கை மட்டும் தனியே பாருங்கள். தன்ஷுகெய்ராஸ் 70.75 சதவீதம், பாந்தினி 18.08, ஷனேல் 3.97. விதிப்படி சதவீதத்துக்குப் புள்ளி கிடையாது, இடத்துக்குத்தான்: முதலிடம் 30, அடுத்தது 25, அதற்கடுத்தது 20. ஏறக்குறைய 67 சதவீத வித்தியாசம் வெறும் 10 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. நடுவர்கள் பக்கத்திலோ ஐந்து பேரின் மதிப்பெண்ணும் தனித்தனியாகக் கூடுவதால் இடைவெளி 21. ஓட்டுப் போட்ட அத்தனை பேரையும் ஒரே ஆளாக எண்ணியதுபோல ஆகிவிட்டது. மக்கள் பங்கை வாக்கு விகிதப்படி பிரித்திருந்தால், அதாவது முதலிடத்துக்கு அதே 30, மற்றவர்களுக்கு அதிலிருந்து விகிதம் என்றால், பாந்தினிக்கு 7.7, ஷனேலுக்கு 1.7தான் வந்திருக்கும். வேறு எதையும் தொடாமலே தன்ஷுகெய்ராஸ் 90 புள்ளியோடு, அந்த ஆண்டு யூரோவிஷன் நடந்த இத்தாலியின் டுரினுக்குப் போயிருப்பார்கள்.

அப்படியானால் விகிதம்தான் நியாயமா? அவசரப்பட வேண்டாம். ஸ்வீடனின் தேர்வுப் போட்டியான மெலோடிஃபெஸ்டிவாலனில் விகிதப்படிதான் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே செயலி வழியாக ஒரு பாட்டுக்கு 5 ஹார்ட் (அதாவது 5 வாக்கு) வரை இலவசம். காசு போகாது என்னும்போது பிடித்த பாட்டு, பிடிக்காத பாட்டு எல்லாவற்றுக்கும் கை தாராளமாகப் போகும். இறுதிச்சுற்றில் பாட்டுகளின் சதவீதங்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன; நடுவர்கள் சொன்னதே முடிவானது. 2017இல் மக்கள் வாக்கில் நானோ என்ற பாடகர் முதலிடம், ஆனால் வென்றவர் ராபின் பெங்ட்சன். 2019இல் முறையை மாற்றினார்கள். இப்போது வாக்காளர்களை ஏழு வயதுப் பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். ஃபோன் வாக்கு எட்டாவது பிரிவு. ஒவ்வொரு பிரிவும் 12, 10, 8 என்று தனியாகப் புள்ளி கொடுக்கும். எட்டு பிரிவுகளுக்கு 464 புள்ளி, எட்டு வெளிநாட்டு நடுவர் குழுக்களுக்கும் அதே 464. மூன்று முதல் ஒன்பது வயதுவரையிலான குழந்தைகளின் பிரிவும் 75 தாண்டியவர்களின் பிரிவும் சம பலத்தோடு நிற்கின்றன. நான் பார்த்தவரை மக்களை ஒரே ஆளாகச் சுருக்காத முறை இதுதான்.

நடுவர்களை அடியோடு எடுத்துவிடலாம் என்பதை ஏற்க மாட்டேன். யூரோவிஷன் இறுதிப்போட்டியில் பாதிப் புள்ளி மற்ற நாடுகளின் நடுவர் குழுக்களிடம் இருக்கிறது. உள்ளூரில் வாக்கை அள்ளிய பாட்டு, நிகழ்ச்சியை முதன்முறையாகப் பார்க்கும் வெளியூர்க் காதுக்கு எப்படிப் படும் என்று முன்னாலேயே சோதிக்க ஒரு குழு வேண்டும். ஷனேல் டுரினில் 459 புள்ளியோடு மூன்றாமிடம் பிடித்தார். 1995க்குப் பிறகு ஸ்பெயினுக்கு அதுதான் மிகச் சிறந்த இடம். ஆக நடுவர்களின் காது தப்பவில்லை.

ஆனால் பெனிடார்ம் முடிவு வந்தவுடன் அந்தப் பெண்ணின் மீது கொட்டிய வசவு தாங்காமல் அவர் தன் ட்விட்டர் கணக்கையே மூட வேண்டியதாயிற்று. புள்ளி மாற்றும் அட்டவணையை எழுதியவர்களை விட்டுவிட்டு, அதன்படி பாடி ஜெயித்தவரைத் திட்டியிருக்கிறார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.