ஊர் வாட்ஸ்அப் குழுவில் அரசியல், செய்திப் பதிவுகளை அடியோடு தடை செய்துவிடலாமா?

புதிதாக அட்மின் ஆகி, தேர்தல் நேரத்துச் சண்டையில் நொந்துபோய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அடியோடு தடை போடாதீர்கள். ஃபார்வர்டை மட்டும் நிறுத்துங்கள். நான் பட்டுத்தான் சொல்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர்க் குழுவில் 200 பேருக்கு மேல் இருக்கிறோம். கரடி நடமாட்டம், மண்சரிவு, பஸ் வராதது, இதையெல்லாம் சொல்லிக்கொள்ளத்தான் தொடங்கினோம். 2024 ஏப்ரல் 19 ஓட்டுப்பதிவுக்கு முந்தைய வாரம், ஒரே ராத்திரியில் 90 பதிவு. பெரும்பாலும், பலமுறை ஃபார்வர்ட் ஆனதைக் காட்டும் இரட்டை அம்புக்குறி போட்டவை. அதற்கு நடுவில் எதிர்வீட்டு அக்காவின் குட்டி வாய்ஸ்: "ரேஷன் கடைப் படிக்கட்டுல கரடி, குட்டியோட நிக்குது. விடிகாலை யாரும் அந்தப் பக்கம் போயிராதீங்க." ஒருவரும் கேட்கவில்லை. அட்மின் நானும் கேட்கவில்லை. காலையில் பால் ஊற்றப் போன அண்ணன் கேனைப் போட்டுவிட்டு ஓடி, தேயிலைச் சரிவில் விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டார்.

அன்றைக்கே அரசியலுக்குத் தடை போட்டேன். பத்து நாள் தாங்கவில்லை. ஒருவர் பசுந்தேயிலை விலையைப் பற்றி எழுத, இன்னொருவர் "இதுவும் அரசியல்தானே, எடு" என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

அப்புறம் விதியை மாற்றினோம். எந்தக் கட்சியைப் பற்றியும் பேசலாம், ஆனால் சொந்த வார்த்தையில், சொந்தக் குரலில். மே 7 முதல் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது, உள்ளூர்க்காரர்களுக்கும் கட்டாயம் என்று புரளி. டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருவர் விசாரித்துவிட்டு, நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிகளுக்குத் தேவையில்லை என்று நாலு வரி எழுதினார். புரளி அடங்கியது.

'கருத்துரிமையைப் பறிக்கிறாய்' என்று இங்கே எழுத வருபவர்களுக்கு: முதலில் நீக்கியதே என் சொந்த மாமாவின் ஃபார்வர்டைத்தான். அவர் கைப்பட எழுதிய எதையும் இதுவரை தொட்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிவிக்காரர்களுக்கு நீலகிரி என்றால் உறைபனியும் மலர்க் கண்காட்சியும்தான். தேயிலை எடை போடும் இடத்தில் ஈரம் என்று மூட்டைக்கு 3 கிலோ கழிக்கிறார்களே, அது எந்தச் செய்தியில் வருகிறது? நேற்று வெயிலில் அம்மா பறித்த இலைக்கும் கழித்தார்கள். ரசீதைப் படமெடுத்து, நடந்ததை எழுதிக் குழுவில் போட்டேன். இன்று காலைக்குள் ஏழு பேர் தங்கள் ரசீதையும் போட்டிருக்கிறார்கள்.