விசா வேண்டாம், அனுமதி வேண்டும்

கேள்வி: சிங்கப்பூர் குடியுரிமை பெற்ற என் மகன், மனைவி, குழந்தையோடு இங்கே வந்திருக்கிறான். அடுத்து பெங்களூரிலிருந்து டொரண்டோ போகிறார்கள். விசா தேவையில்லையாம்; ஆனால் ஏதோ இ.டி.ஏ. வேண்டுமாம். நானும் உடன் போகலாமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வேண்டாம்தான். ஆனால் விமானத்தில் போனால் இ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதி கட்டாயம். கட்டணம் 7 கனடிய டாலர். குழந்தைக்கும் தனி விண்ணப்பம் உண்டு. கனடா அரசின் இணையதளத்திலேயே போடச் சொல்லுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் பல மடங்கு பணம் பிடுங்கும் இடைத்தரகர் தளங்கள்.

பாஸ்போர்ட் எண்ணை, புகைப்படம் உள்ள பக்கத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். பூஜ்ஜியத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' விழுந்துவிட்டால், அனுமதி கிடைத்திருந்தும் விமான நிறுவனத்தின் கணினியில் தெரியாது, கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். திருத்த வழியில்லை, புதிதாக விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டியதுதான். பலருக்குச் சில நிமிடங்களில் மின்னஞ்சல் வந்துவிடும். ஆவணம் கேட்டால் நாட்கள் ஆகும் என்பதால், டிக்கெட் எடுக்குமுன்பே முடிப்பது நல்லது. 5 ஆண்டு செல்லும். அதற்குள் பாஸ்போர்ட் காலாவதியானால் அதுவும் போச்சு.

உங்களுடையது இந்திய பாஸ்போர்ட் என்றால் இ.டி.ஏ. கிடையாது, அமெரிக்க விசா கையில் இருந்தாலும் சரி. பார்வையாளர் விசாதான்: 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. கைரேகை சேலத்தில் எடுப்பதில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ கொடுக்கலாம். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், மகனோடு ஒரே விமானத்தில் போக நினைத்தால் முதலில் உங்கள் விண்ணப்பத்தைப் போடுங்கள்.