வாசகர் கேள்வி – பதில்: சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தைத் திறப்பதற்கு முன்

சாவி கொடுத்து ஓடும் கைக்கடிகாரங்களை வீட்டிலேயே கழற்றிப் பூட்டிச் சர்வீஸ் செய்யப் பழகுவது குறித்து மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். முதற் பதில் சற்று நீண்டுவிட்டது. மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: என் தாத்தா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்குப் போன அவருடைய தம்பி, பின்னர் ஒரு முறை ஊர் பார்க்க வந்தபோது கொடுத்த எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் இப்போது என்னிடம் இருக்கிறது. சாவி கொடுத்தால் சில நிமிடங்கள் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. நான் ஆசிரியர், மாலை வேளைகளில் ஓய்வு உண்டு. இதை நானே கழற்றிச் சுத்தம் செய்யக் கற்றுக்கொள்ள முடியுமா, ஐயா?
— வாசகர், தலவாக்கலை

பதில்: கற்றுக்கொள்ள முடியும். ஆனால் அந்த ஜனதாவை இப்போதைக்குப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்; நீங்கள் கடைசியாகத் திறக்கவேண்டிய கைக்கடிகாரம் அதுதான்.

சில நிமிடங்கள் ஓடி நிற்கிறது என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், உள்ளே எதுவும் உடைந்திருக்க வாய்ப்புக் குறைவு. பல ஆண்டுகளாகச் சர்வீஸ் காணாத கடிகாரத்தில் எண்ணெய் வற்றிப் பிசினாகிவிடும். பதினேழு கல் பதித்த அந்த இயந்திரத்தின் பேலன்ஸ் சக்கரம் ஒரு மணித்தியாலத்துக்கு 18,000 துடிப்பு, அதாவது செக்கனுக்கு ஐந்து, ஒரு நாளைக்கு 432,000 துடிப்பு என்ற கணக்கில் ஆடவேண்டும். தலைமுடியின் பருமனே உள்ள எஃகு முனையில் நின்று அத்தனை முறை ஆடும் சக்கரத்தை நிறுத்துவதற்கு ஒரு துளிப் பிசினே போதும். எனவே ஓடவைத்துப் பார்க்கும் ஆசையில் அதற்கு மேலும் மேலும் சாவி கொடுக்காதீர்கள். எண்ணெயற்ற நிலையில் ஓடும் ஒவ்வொரு நாளும் அந்த முனைகள் தேய்ந்துகொண்டே போகும்.

நான் முதன்முதலாகத் திறந்தது என் அப்பாவின் கைக்கடிகாரத்தை. பேலன்சைத் தூக்கும்போது, அதை முன்னும் பின்னும் ஆடவைக்கும் ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள் சாமணத்தின் நுனியில் மாட்டி இழுபட்டது; அதை நிமிர்த்தப் போய், சீராகச் சுருண்டிருந்த அந்தக் கம்பியை முட்டை வடிவமாக்கிவிட்டேன். அதற்குப் பொருந்தும் உதிரிப்பாகம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. தாத்தாவின் பொருளில் கை வைக்காதீர்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது அந்த அனுபவத்தினால்தான்.

பழகுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. உங்கள் ஊர்க் கடைத்தெருவில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தால் அவரிடம் போய், வேலைக்கு உதவாத பழைய இயந்திரங்கள் இரண்டு மூன்று தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலானோர் மறுக்கமாட்டார்கள், சிலர் அருகில் உட்காரவைத்து ஒரு மணித்தியாலம் சொல்லியும் கொடுப்பார்கள். மற்ற வழி, யூனிட்டாஸ் என்ற பெயரில் பொக்கெட் கடிகாரங்களுக்காக உருவாகி, இன்று ஈ.டி.ஏ. 6497 என்று அறியப்படும் இயந்திரத்தையோ, அதைப் பின்பற்றிச் சீனாவில் செய்யப்படும் சீகல் எஸ்.டி. 36 இயந்திரத்தையோ தபாலில் வரவழைப்பது. அதன் விட்டம் 36.6 மில்லிமீற்றர். பாகங்கள் பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை. திகதி காட்டும் பகுதியும் தானாகச் சாவி ஏறும் பகுதியும் அதில் இல்லாததால் கண்ணும் கையும் எளிதில் பழகும்.

எந்த இயந்திரமானாலும் முதல் வேலை அதிலுள்ள சாவியை இறக்குவதுதான். சாவிக் குமிழை இரு விரல்களால் இறுகப் பிடித்து, சாவியின் விசையைச் சேர்த்துவைக்கும் சுருளான மெயின் ஸ்பிரிங் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் சிறு கொக்கியைச் சாமணத்தால் விலக்கி, குமிழை விரல்களுக்கிடையே மெல்ல மெல்லப் பின்னோக்கி வழுகவிடவேண்டும். சுருளில் விசை இருக்கும்போதே பேலன்சுக்கு அடுத்திருந்து, சக்கரங்களைத் தடுத்துத் தடுத்து ஓடவிடும் கவைக்கோலைக் கழற்றிவிட்டால், தடையற்றுப்போன சக்கரங்கள் அனைத்தும் ஒரே கணத்தில் சுழன்று தீர்க்கும். பற்கள் உடைவதும் முனைகள் முறிவதும் அந்த ஒரு கணத்தில்தான். விசை இறங்கிய பிறகு, முட்களையும் டயலையும் கழற்றி, அடுத்துப் பேலன்ஸ், அதன் பின் கவைக்கோல், அதன் பின் சக்கரங்கள் என்று இறங்குங்கள். ஒவ்வொரு பாகத்தையும் எடுப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் மறவாதீர்கள்: சாவிக் குமிழ் திருப்பும் சக்கரத்தை இருத்தியிருக்கும் திருகாணி பல கடிகாரங்களில் இடப்புரியாக வெட்டப்பட்டிருக்கும். அதன் தலையில் மூன்று கோடுகள் இருந்தால் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் திருப்பவேண்டும் என்று பொருள். கோடு இல்லாமலும் சில வரும். ஆகவே அந்த ஆணி இறுகி நின்றால் பலத்தைக் கூட்டாமல் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள்.

எண்ணெயோ சுத்திகரிப்போ இன்றி, வெறுமனே கழற்றிப் பூட்டுவதை மட்டும் அதே இயந்திரத்தில் பத்துத் தடவையாவது செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் அது மீண்டும் ஓடவேண்டும். பத்தாவது தடவை எந்த ஆணியும் பறக்காமல், எந்தப் பாகத்தின் இடத்தையும் படத்தில் தேடாமல் பூட்டி முடிப்பீர்களானால், ஜனதாவைப் பற்றி எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.

கேள்வி: கருவிகளுக்கு அதிகம் செலவழிக்க இயலாது. எங்கள் வீட்டில் தனி அறையும் இல்லை. சமையலறையை ஒட்டிய மேசை ஒன்றுதான் உண்டு. என்னென்ன வாங்கவேண்டும்?
— வாசகி, பண்டாரவளை

பதில்: அம்மா, பணத்தைப் பரப்பிச் செலவழிக்காமல் இரண்டு பொருட்களில் மட்டும் தரம் பாருங்கள்: ஒன்று சாமணம், மற்றது திருப்புளி. திருப்புளிகளில் 0.8, 1.0, 1.2, 1.6 மில்லிமீற்றர் அகலமுள்ள நான்கு போதும். நுனி ஆணியின் வெட்டுக்குள் முழுமையாக அமரவேண்டும்; மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டிக்கொள்ளலாம். கண்ணில் பொருத்தும் லென்ஸ் ஒன்று, இயந்திரத்தைப் பிடித்துவைக்கும் தாங்கி ஒன்று, தூசி ஊதும் ரப்பர்க் குமிழ் ஒன்று. பாகங்களை வரிசையாக வைப்பதற்கு, கிழமை நாட்களின் பெயர் போட்ட மாத்திரைப் பெட்டியைவிடச் சிறந்ததை நான் இன்னும் காணவில்லை.

சாமணத்தைப் பழகுவதற்குக் கடுகு போதும். ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்கு ஐம்பது கடுகை, ஒன்றுகூடத் தெறிக்காமல் மாற்றிப் பாருங்கள். அழுத்திப் பிடித்தால் கடுகு பறக்கும், தளர்ந்தால் நழுவும். இரண்டுக்கும் நடுவிலுள்ள பிடியை விரல் கண்டுகொண்டபின் கடிகாரத்தின் ஆணி அவ்வளவு அச்சுறுத்தாது. மேசையின் விளிம்பில் ஒரு துணியைக் குத்தி, அதன் மறு முனையை உங்கள் மடியில் விரித்துக்கொண்டால், விழும் பாகம் தரைக்குப் போகாது.

சமையலறையை ஒட்டிய மேசை என்பதால் ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டியிருக்கிறது. பாகங்களைக் கழுவ லைட்டர் பெற்றோல் பயன்படுத்துவார்கள். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். அடுப்பு எரியும்போதோ விளக்கேற்றிய வேளையிலோ அந்தப் போத்தலைத் திறக்கவே வேண்டாம். பகலில், சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு அணைந்தபின் செய்யுங்கள். கவைக்கோலை மட்டும் ஸ்பிரிட்டிலோ வேறு மதுசாரத்திலோ ஊறவைக்காதீர்கள். அதிலுள்ள இரண்டு சிவப்புக் கற்களையும் பிடித்திருப்பது அரக்கு, அது மதுசாரத்தில் கரைந்துவிடும்.

கேள்வி: தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயைக் கைக்கடிகாரத்துக்கும் விடலாமா? தேங்காய் எண்ணெய் விட்டால் போதும் என்று ஒருவர் சொன்னார்.
— வாசகர், நுவரெலியா

பதில்: இரண்டும் கூடாது. தை மாதக் காலையில் உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். வெள்ளைக் கட்டியாக உறைந்து நிற்கும். கடிகாரத்துக்குள்ளும் அதுவேதான் நடக்கும். தையல் இயந்திர எண்ணெய் உறையாது. ஆனால் விட்ட இடத்தில் நில்லாமல் பரவி, அச்சு முனையைத் தாங்கும் கல்லை வறளவிட்டு, ஹேர் ஸ்பிரிங்கில் ஏறிச் சுருள்களை ஒட்டவைத்துவிடும். கடிகார எண்ணெயின் சிறப்பே விட்ட இடத்தில் நிற்பதுதான். மோபியஸ் நிறுவனத்தின் 9010 என்ற மெல்லிய எண்ணெய் வேகமாக ஓடும் சக்கரங்களுக்கு உரியது. மெதுவாகவும் பாரத்தோடும் சுழலும் அச்சுகளுக்குத் தடித்த வகை வேறு உண்டு. கல்லின் குழியில் பாதியளவு எண்ணெய் நின்றால் போதும், நிரம்பி வழியக்கூடாது. கவைக்கோலின் அச்சு முனைகளுக்குப் பொதுவாக எண்ணெய் விடுவதில்லை.

கேள்வி: நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஒழுங்காக ஓடிய என் சீக்கோ 5 கடந்த மாதம் முதல் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் முந்துகிறது. உள்ளே என்ன கெட்டிருக்கும்?
— வாசகர், மஸ்கெலியா

பதில்: கெட்டிருக்க வேண்டியதில்லை, காந்தம் ஏறியிருக்கலாம். ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்ததுபோல் ஆகி, பேலன்ஸ் வழக்கத்தைவிட வேகமாக ஆடும். கடிகாரம் திடீரென்று நிமிடக் கணக்கில் முந்தினால் முதலில் ஐயப்படவேண்டியது இதைத்தான். தேயிலைத் தூளில் கலந்த இரும்புத் துணுக்குகளைப் பிரித்தெடுக்க வலிய காந்தங்கள் வைத்திருப்பார்கள். அவற்றின் அருகே உங்கள் கை போகிறதா என்று கவனியுங்கள். வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியும், காந்த மூடியுள்ள கைப்பேசி உறையும் இதே வேலையைச் செய்யும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயன்படுத்தும் சிறிய திசைகாட்டியைக் கடிகாரத்தின் மேல் மெல்ல நகர்த்துங்கள். முள் நன்றாகத் திரும்பினாலோ, கடிகாரத்தின் துடிப்போடு சேர்ந்து நடுங்கினாலோ காந்தம் ஏறியிருக்கிறது. காந்தம் இறக்கும் சிறு கருவி வாட்ச் கடைகளில் இருக்கும். பொத்தானை அழுத்தியபடியே கடிகாரத்தை மெதுவாகத் தூர இழுத்து, அதன் பிறகே பொத்தானை விடவேண்டும். அருகில் இருக்கும்போதே விட்டால் காந்தம் மீண்டும் தங்கிவிடலாம். இதற்காகக் கடிகாரத்தைத் திறக்கத் தேவையில்லை. அதன் பின்னரும் முந்தினால் சுருளில் எண்ணெய் பட்டிருக்கும். அது கழற்றிக் கழுவவேண்டிய வேலை.

கேள்வி: மழைக்காலத்தில் என் கைக்கடிகாரத்தின் கண்ணாடிக்குள் மூடுபனி படிகிறது. அரிசிப் பானைக்குள் வைத்தால் சரியாகுமா?
— வாசகி, ஹப்புத்தளை

பதில்: மூடுபனி தெரிகிறதென்றால் ஈரம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. உள்ளிருக்கும் ஈரக்காற்று, வெளிக்குளிரில் கண்ணாடி குளிர்ந்ததும் அதன்மேல் நீராகப் படிகிறது. கண்ணாடி சூடானதும் மறைந்துவிடுவதால் ஈரம் போய்விட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அரிசி மூடிய கடிகாரத்துக்குள்ளிருந்து எதையும் இழுக்காது. அரிசி மாவுதான் சந்துகளில் புகும். அன்றைக்கே பின்மூடியைத் திறந்து, கமரா, சப்பாத்துப் பெட்டிகளோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இட்ட மூடிய டப்பாவில் ஓரிரு நாள் வையுங்கள். அடுப்புச் சூட்டிலோ வெயிலிலோ காயவைக்கவேண்டாம். துரு முதலில் பிடிப்பது சாவிக் குமிழின் தண்டிலும் அதைச் சுற்றியுள்ள எஃகுப் பாகங்களிலும்தான். அங்கே செந்நிறம் தெரிந்தால் முழுச் சர்வீஸ் அவசியம். பின்மூடியிலும் குமிழிலும் உள்ள ரப்பர் வளையங்கள் காய்ந்து இறுகியிருப்பதே வழக்கமான காரணம். அவற்றை மாற்றாமல் மூடினால் அடுத்த மழைக்கு மறுபடியும் எழுதுவீர்கள்.

கேள்வி: நான் உயர்தரம் படிக்கும் மாணவன். பழைய சாமான் கடையில் வாங்கிய கைக்கடிகாரமொன்றின் முட்களிலும் இலக்கங்களிலும் பச்சைநிறப் பூச்சு உதிர்கிறது. இருட்டில் ஒளிர்வதில்லை. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாமா, ஐயா?
— வாசகர், பதுளை

பதில்: தம்பி, சுரண்டவேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், 1960கள் வரையிலும்கூட, செய்யப்பட்ட பல கைக்கடிகாரங்களின் ஒளிரும் பூச்சில் ரேடியம் கலந்திருந்தது. ஒளிர்வது நின்றுவிட்டதால் அது தீர்ந்துவிட்டதாக எண்ணக்கூடாது: ஒளியைத் தந்த துத்தநாகச் சேர்மம்தான் பழுதாகியிருக்கிறது. ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் என்பதைக் கணக்கிட்டால், பூசிய நாளில் இருந்த கதிரியக்கம் அநேகமாக முழுமையாக இன்றும் அங்கே இருக்கிறது. மூடிய கடிகாரத்தைவிட, உதிர்ந்த தூள் மூச்சோடு உள்ளே போவதுதான் பெரிய ஆபத்து. உன் கடிகாரம் எந்தக் காலத்தது என்று உறுதியாகத் தெரியாதவரையில் அதை ரேடியம் என்றே கொள். பின்மூடியையும் கண்ணாடியையும் திறக்காமல், சிறிய பொலித்தீன் பையிலிட்டு மூடி, படுக்கும் அறையிலிருந்து தள்ளி வை. தொட்ட கையைக் கழுவு. ஏற்கெனவே உதிர்ந்த தூள் மேசையில் இருந்தால் ஊதாமல், பெருக்காமல், ஈரக் கடதாசியால் ஒற்றி எடுத்துப் பையிலிட்டுக் கட்டு. பழகுவதற்கு, ஒளிரும் பூச்சே இல்லாத வேறொரு பழைய கடிகாரத்தைத் தேடிக்கொள்.