கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு ஜாயின்ட்டிலும் ஒழுகுகிறது. எதை முதலில் சரிசெய்வது?

அடைப்பைத்தான். ஒழுகலுக்குக் காரணமே பெரும்பாலும் அதுவாக இருக்கும். அடைத்துக்கொண்டால் தண்ணீர் போக வழியில்லாமல் குழாயில் ஏறி நின்று, பலவீனமான ஜாயின்ட்டில் கசியும்.

முதலில் வீட்டில் யாரும் ஃப்ளஷ் செய்யாமல், வாஷிங் மெஷின் ஓட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வெளியே சேம்பர் (கழிவுநீர்க் குழாய் வந்து சேரும் சின்னத் தொட்டி) மூடியைத் திறங்கள். உள்ளே காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். நிரம்பி நின்றால் அதற்கு அப்பால். முகத்தை மட்டும் உள்ளே நீட்டாதீர்கள், விஷவாயு இருக்கலாம். அடைப்பு எடுக்கும் நீளமான ஸ்பிரிங் கம்பியை, அடைப்பு இருக்கும் பக்கக் குழாய்க்குள் சுழற்றிக்கொண்டே விடுங்கள். முட்டும் இடத்தில் பலமாகக் குத்தாமல் முன்னும் பின்னும் ஆட்டினால் 'களக்'கென்று தண்ணீர் இறங்கும். நுனியில் முடியும் துணியும் வந்தால் பிரச்சினை முடிந்தது. மெல்லிய வேர் வந்தால், மண்ணுக்குள் குழாய் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது.

ஆசிட் ஊற்றுவதற்கு நான் ஒப்பவே மாட்டேன். தேங்கிய நீரோடு நின்று, பிறகு கம்பி விடுபவர் மேல் தெறிக்கும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வேறு.

பிவிசி ஜாயின்ட்டின் மேல் எம்-சீல் (பிசைந்து ஒட்டும் பசை) அப்புவது தற்காலிகம்தான். ஒழுகும் பகுதியை வெட்டியெடுத்து கப்ளர் (இரண்டு குழாய்களை இணைக்கும் துண்டு) போடுங்கள். ஈரக் குழாயில் சால்வென்ட் சிமென்ட் (பிவிசி ஒட்டும் பசை) சரியாகப் பிடிக்காது. துடைத்து, காயவிட்டு ஒட்டுங்கள்.