மீன் தொட்டிச் செடிகளுக்கு எந்த லைட்? கேட்டவையும் பதில்களும்

அண்ணா, என் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரம். மணல்தான், கார்பன் டை ஆக்சைடு கேஸ் கிடையாது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், வாலிஸ்னேரியா வைத்திருக்கிறேன். எத்தனை வாட் பல்பு போடணும்?

வாட் கணக்கு ட்யூப்லைட் காலத்தோடு முடிந்துபோனது. எல்.இ.டி.க்கு லுமெனை, அதாவது பல்பு தரும் வெளிச்சத்தின் அளவைப் பாருங்கள், பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். உங்கள் தொட்டியில் மணல் போக ஏறத்தாழ 55 லிட்டர் தண்ணீர் நிற்கும். கேஸ் இல்லாத தொட்டிக்கு லிட்டருக்கு 15 முதல் 20 லுமென் போதும். அதாவது 800 முதல் 1100 லுமென் தண்ணீருக்குள் இறங்க வேண்டும்.

'இறங்க வேண்டும்' என்பதுதான் முக்கியம். வீட்டு 9 வாட் பல்பு சுமார் 900 லுமென் தரும், ஆனால் அது உருண்டை மூடி வழியாக நாலாபுறமும் சிதறும். ரிஃப்ளெக்டர் இல்லாவிட்டால் ஏறத்தாழ பாதி வெளிச்சம் மூடிக்கும் சுவருக்கும் போய்விடும். அதனால் ஒன்றுக்குப் பதில் இரண்டு 9 வாட் பல்பு போடுங்கள். ஒரு ஓரத்திலிருந்து அரை அடியில் ஒன்று, ஒன்றரை அடியில் இன்னொன்று. மூடியின் உட்புறம் வெள்ளை பெயின்ட் அடிப்பது அலுமினியத் தாளைக் கசக்கி ஒட்டுவதைவிட நல்லது.

மூடியை முழுக்க அடைத்துவிடாதீர்கள். எல்.இ.டி. பல்பில் முதலில் சாவது உள்ளே கரன்டைச் சீராக்கித் தரும் டிரைவர் சர்க்யூட்தான், அதைக் கொல்வது சூடு. பின்பக்கம் இரண்டு விரல் இடைவெளி விட்டால் பல்பும் பிழைக்கும், ஹோல்டரில் ஆவியும் தங்காது.

6500 கெல்வின்தான் வேண்டும் என்கிறார்கள். கடையில் 4000, 3000 எல்லாம் இருக்கிறதே?

கெல்வின் எண் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை. 3000 கெல்வின் மஞ்சள் பல்பிலும் செடி வளரும், தண்ணீர்தான் டீ போலத் தெரியும். 6500-இல் பச்சை பளிச்சென்று இருப்பதால் பலரும் அதை விரும்புகிறார்கள். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 80-க்குக் குறையாமல் வாங்குங்கள். 90 கிடைத்தால் மீன், செடி இரண்டின் நிறமும் உண்மையாகத் தெரியும். நிறத்துக்குச் செலவிடும் கவலையை அளவுக்குச் செலவிடுங்கள்.

ஊதா நிற 'க்ரோ லைட்' செடிக்குச் சிறப்பாமே, சார்?

பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் அதிகம் உறிஞ்சும் என்பது சரி. பச்சை ஒளியையும் இலை பயன்படுத்தும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. நல்ல வெள்ளை எல்.இ.டி.யில் மூன்றுமே இருக்கின்றன. ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாவதோ பாசி படர்வதோ கண்ணுக்குத் தெரியாது. நோயை மறைக்கும் வெளிச்சம் தொட்டிக்கு எதற்கு? வேண்டாம்.

யு.வி. பல்பையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஃபில்டருக்குள் மூடி வைத்து கிருமி கொல்வதற்கு. திறந்து எரித்தால் கண்ணையும் தோலையும் சுடும்.

லைட்டை இரண்டு மடங்கு ஆக்கினேன். இரண்டு வாரத்தில் கண்ணாடி, இலை எல்லாம் பாசி. உரம் போட்டதாலா?

உரத்தின்மேல் பழி போடாதீர்கள். வெளிச்சம் ஏறினால் செடிக்கு கார்பனும் நைட்ரேட்டும் பொட்டாசியமும் அதே வேகத்தில் தேவைப்படும். கிடைக்காதபோது செடி நின்றுவிடும், பழைய இலை நலிந்து சத்தைக் கசியவிடும், அதில் பாசி ஏறும். பெரும்பாலான தொட்டிகள் குறைந்த வெளிச்சத்தால் கெடுவதில்லை, தாங்க முடியாத வெளிச்சத்தால்தான் கெடுகின்றன. லைட் வாங்கும்முன் 'என் தொட்டியில் கார்பன் எவ்வளவு?' என்று கேளுங்கள். கேஸ் இருந்தால் லிட்டருக்கு 30 முதல் 40 லுமென் வரை போகலாம். இல்லாவிட்டால் 20-இல் நில்லுங்கள்.

இப்போதைக்கு ஒரு பல்பைக் கழற்றுங்கள். லைட் எரியும் நேரத்தைத் தினம் 6 மணி நேரமாக்குங்கள். பாசி பிடித்த இலைகளை வெட்டி, வாரம் இருமுறை பாதித் தண்ணீர் மாற்றுங்கள். உரத்தை நிறுத்த வேண்டாம். மூன்று, நான்கு வாரத்தில் புது இலை சுத்தமாக வந்தால் அரை மணி, அரை மணியாகக் கூட்டி 8 மணி நேரத்தில் நிறுத்துங்கள்.

தினமும் கையால்தான் போட்டு அணைக்கிறேன். டைமர் அவசியமா?

அவசியம். ஒருநாள் 5 மணி நேரம், மறுநாள் 12 மணி நேரம் என்றால் செடிக்கும் மீனுக்கும் கெடுதல். 15 நிமிட முள் உள்ள சாதாரண 24 மணி டைமர் போதும். கரன்ட் போனால் அது நின்றுவிடும், வந்ததும் மணியைத் திருத்துங்கள். கேஸ் விடுபவர்கள், லைட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கேஸ் திறக்கும்படி வையுங்கள்.

12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பில் நானே லைட் செய்யலாமா?

தாராளமாக. மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ள 5050 ஸ்ட்ரிப், மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும். 2 அடித் தொட்டிக்கு 55 செ.மீ. துண்டுகள் நான்கு, மொத்தம் 2.2 மீட்டர், சுமார் 32 வாட். 12 வோல்ட்டில் 2.6 ஆம்பியர் ஆகிறது. அடாப்டர் 4 ஆம்பியர் வாங்குங்கள், எல்லையில் ஓடும் அடாப்டர் சீக்கிரம் போய்விடும். வெட்டும் கோடு மூன்று எல்.இ.டி.க்கு ஒருமுறை வரும், அங்கேதான் வெட்ட வேண்டும்.

நான்கு துண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி இணைத்தால் கடைசித் துண்டு மங்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் இழுத்து அடாப்டரில் சேருங்கள். அலுமினியச் சேனலில் ஒட்டுங்கள். மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஒட்டினால் சூடு வெளியேறாமல் ஒளி சீக்கிரம் குறையும். சிலிக்கான் பூசிய ஸ்ட்ரிப் ஈரத்தைத் தாங்கும்.

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 50 வாட் ஃப்ளட் லைட் ஒன்று தொங்கவிடலாமா?

அளவு சரி, அமைப்பு சரியில்லை. ஒரே லைட் என்றால் நடுவில் வெளிச்சம் கொட்டும், மூலை இருண்டு கிடக்கும். 30 வாட் இரண்டு வாங்கி, தண்ணீருக்கு ஓர் அடி மேலே தொங்கவிடுங்கள். உயரத்தை ஏற்றி இறக்கித்தான் அளவைச் சரிசெய்ய வேண்டும். ஃபேன் ரெகுலேட்டரில் மாட்டினால் மினுக்கும், டிரைவர் போகும்.

பொருத்தும்முன் ஒரு சோதனை: காலித் தொட்டியின் அடியில் மொபைலை வைத்து லக்ஸ் மீட்டர் செயலியில் பாருங்கள். வெள்ளை எல்.இ.டி.யில் 2000 லக்ஸ் ஏறத்தாழ 30 பி.ஏ.ஆர். (செடி பயன்படுத்தும் ஒளியின் அளவு) அளவுக்குச் சமம். கேஸ் இல்லாத தொட்டிக்கு அது போதும். மொபைல் சென்சார் துல்லியமில்லை, ஆனால் நடுவுக்கும் மூலைக்கும் உள்ள வித்தியாசத்தை நன்றாகக் காட்டும்.

ரோட்டாலா மேக்ராண்ட்ரா சிவக்கவே மாட்டேன் என்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வளரும் செடி அது, வெயிலுக்குப் பழகியது. கேஸ் இல்லாமல் அதைச் சிவக்கவைக்க வெறும் வெளிச்சத்தை ஏற்றினால் சிவப்புக்கு முன்னே பாசி வரும். முதலில் கேஸைச் சீராக்குங்கள், இரும்புச் சத்து கொடுங்கள், பிறகு லைட். கேஸ் வைக்கும் எண்ணம் இல்லையென்றால் கிரிப்டோகோரைன் வெண்டியின் பழுப்பு வகையை வையுங்கள். இலங்கை ஓடைச் செடி, குறைந்த வெளிச்சத்திலும் நிறம் காட்டும். நட்ட புதிதிலோ லைட் மாற்றியதும் இலை கரைந்தால் பிடுங்கி எறியாதீர்கள், வேர் உயிரோடிருந்தால் திரும்பத் துளிர்க்கும்.

மூடிக் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு. துடைக்கத்தான் வேண்டுமா?

வாரம் ஒருமுறை. போர் தண்ணீரின் உப்புப் படிந்தால் வெளிச்சம் கணிசமாகக் குறையும். வினிகரில் நனைத்த துணியால் தொட்டிக்கு வெளியே வைத்துத் துடைத்து, கழுவி மாட்டுங்கள். துடைக்கும்முன் பிளக்கைக் கழற்றுங்கள்.

பிளக் தொட்டிக்குக் கீழே இருந்தால், ஒயர் முதலில் பிளக்கைவிடத் தாழத் தொங்கி வளைந்து பிறகு மேலேறிப் போக வேண்டும். சொட்டும் நீர் அந்த வளைவிலேயே விழுந்துவிடும். வீட்டு போர்டில், கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், லைட் வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் போடுங்கள்.