பேச வந்தால் போதாதா, சப்ஜெக்ட் வெர்ப் எல்லாம் எதற்கு?

'சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட், பேஸிவ் வாய்ஸ் என்று பெயர்களைப் படித்தே ஆகவேண்டுமா, பேசப் பழகினால் போதாதா' என்று கேட்டிருக்கிறீர்கள். தருமபுரிப் பக்கம், தமிழ் வழியில் படித்து இப்போது ஓசூரில் வேலை தேடுகிறவர் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன் தம்பி, ஏனென்றால் நானும் அப்படி வந்தவன்தான், காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம்.

படித்தே ஆகவேண்டும். எல்லாம் வேண்டாம், அடிப்படையான நாலைந்து பெயர்கள் போதும்.

'இங்கிலாந்துக் குழந்தை இலக்கணம் படித்தா பேசுகிறது' என்று கீழே யாராவது வந்து கேட்பார்கள். அந்தக் குழந்தை காலையிலிருந்து ராத்திரி வரை ஆங்கிலத்தையே கேட்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மளிகைக் கடைக்காரர்கள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் சரளமாகப் பேசுகிறார்களே, அவர்களும் இலக்கணப் புத்தகத்தைத் தொட்டதில்லை, தெருவே சொல்லிக்கொடுத்தது. நம் ஊர்த் தெருவில் ஆங்கிலம் யார் பேசுகிறார்கள்? காதில் விழாத மொழியைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க முடியும், அப்படிப் பார்க்கும்போது எது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு பெயர் வேண்டும். ஆங்கிலம் தெரிந்தவர்தான் அறிவாளி என்று நான் சொல்ல வரவில்லை, அதற்காகச் சண்டைக்கு வரவேண்டாம்.

நான் பழகிய முறை இது. எந்த வாக்கியமானாலும் முதலில் வெர்ப்பைத் தேடுங்கள். அதைச் செய்தது யார், எது என்று கேட்டால் சப்ஜெக்ட் வரும். எதை, யாரை என்று கேட்டால் ஆப்ஜெக்ட். பள்ளியில் படித்த எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்தான், புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் 'மாங்காயை விவசாயி விற்றார்' என்று நாம் முன்பின்னாகச் சொன்னாலும் அந்த 'ஐ' காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் அப்படி உருபு கிடையாது, சொல் நிற்கிற இடம்தான் எல்லாம். 'தி ஃபார்மர் சோல்ட் தி மேங்கோஸ்' என்பதில் இரண்டையும் இடம் மாற்றினால் மாங்காய் விவசாயியை விற்றுவிடும். அப்புறம் 'அவர் வாத்தியார்' என்று நாம் வினையே இல்லாமல் முடிப்போம், அங்கே நடுவில் 'ஈஸ்' இல்லாவிட்டால் வாக்கியம் நிற்காது. தமிழ் வழிப் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இந்த இரண்டு இடங்களில்தான்.

இது வேலைக்கு உதவுமா என்றால், எனக்கு உதவியது. ஓசூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் டிஸ்பேட்ச், அதாவது சரக்கு அனுப்பும் வேலை பார்க்கிறேன். பொருளை 'பின்' என்கிற பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி ஒரு பெரிய கம்பெனிக்கு அனுப்புவோம், காலி பின் திரும்பி வரவேண்டும். அது வரும் லாரி வாடகை யாருடையது என்று மாதக்கணக்கில் தகராறு. அவர்கள் ஆர்டரில் இருந்தது ஒரே வரி: 'எம்ப்டி பின்ஸ் ஷல் பி ரிட்டர்ன்ட் வித்தின் செவன் டேஸ்', அதாவது காலி பின்கள் ஏழு நாளுக்குள் திருப்பப்பட வேண்டும். நீங்கள் எடுத்துப்போக வேண்டும் என்று அவர்கள் படித்தார்கள், நீங்கள் அனுப்ப வேண்டும் என்று எங்கள் மேனேஜர் படித்தார். இரண்டு பக்கமும் இங்கிலீஷ் மீடியம் படித்த இன்ஜினியர்கள்தான். நான் அந்த வரியை வாங்கிப் பார்த்தேன். வெர்ப் 'ரிட்டர்ன்'. சப்ஜெக்ட் இடத்தில் பின் உட்கார்ந்திருக்கிறது, பின் தானாக நடந்து வருமா? செய்கிறவரே அந்த வாக்கியத்தில் இல்லை. பேஸிவ் வாய்ஸில், அதாவது செயப்பாட்டு வினையில், 'பை' (நம் 'ஆல்' உருபு மாதிரி) போட்டு யார் என்று எழுதாமல் விட்டாலும் இலக்கணம் சரியாகத்தான் இருக்கும், அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. 'சார், இதில் யார் திருப்பணும்னே எழுதல, பை போட்டு யாருன்னு எழுதித் தரச் சொல்லுங்க' என்றேன். மேனேஜர் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துவிட்டு மெயில் போட்டார். அடுத்த ஆர்டரில் 'பை தி சப்ளையர்' என்று வந்தது, அதாவது நாங்கள். சரி, வாடகையை விலையில் சேர்த்துக் கேட்டோம், கொடுத்தார்கள். தகராறு அதோடு நின்றது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை மறைக்க மாட்டேன்.

இதைப் படிக்கத்தான் நேரம் கிடைக்காது. காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூருக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிறவனுக்குப் புத்தகத்தைப் பிரிக்க எங்கே இடம்?    

ஒன்று மட்டும் கேளுங்கள். வாக்கியங்களைக் கட்டுக் கட்டாக மனப்பாடம் செய்யச் சொல்லும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்டாதீர்கள். என் தங்கச்சி கட்டினாள், வாக்கியத்தில் ஒரு சொல் மாறினாலும் அவளால் பேச முடியவில்லை. அதற்குப் பதில் அரசுப் பள்ளி ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தில் உள்ள வெர்ப் எல்லாவற்றுக்கும் பென்சிலில் கோடு போடுங்கள். 'ஹேஸ்', 'வாஸ்', 'டிட்' மாதிரி ஹெல்ப்பிங் வெர்ப்பையும் (துணை வினை) விடவேண்டாம். அது தடங்கலில்லாமல் வந்த பிறகு சப்ஜெக்ட். ப்ரிபொசிஷன் ('இன்', 'ஆன்' மாதிரி), ஆர்ட்டிகிள் ('ஏ', 'தி' மாதிரி) எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.