சிவப்பு ஆயில் விளக்கு: கோளாறு சென்சாரிலா, இன்ஜினிலா?

கேள்வி: ஓட்டும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. இன்ஜின் சத்தம் மாறவில்லை. ஆயில் பிரஷரை உணரும் சென்சாரின் கோளாறுதான் என்று வீடு வரை ஓட்டி வரலாமா?

வேண்டாம். ஓரமாக ஒதுக்கி உடனே இன்ஜினை அணையுங்கள். ஆயில் பிரஷர் உண்மையிலேயே விழுந்திருந்தால் பேரிங்குகள் கெடச் சில நிமிடங்களே போதும்; சத்தம் கேட்கும்போது காரியம் கைமீறியிருக்கும். சற்றுப் பொறுத்து, சமதளத்தில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் குச்சி) பாருங்கள். குறைவாக இருந்தால் ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். சில நொடிகளில் விளக்கு அணையாவிட்டால் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்திருந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

கேள்வி: சூடான பிறகு, ஐடிலிங்கில் (வண்டி நின்று, ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) மட்டும் விளக்கு மினுக்குகிறது. புது சென்சார் போட்டும் தீரவில்லை.

அப்படியானால் சந்தேகம் இன்ஜின் பக்கம் போக வேண்டும். சூட்டில் ஆயில் இளகும், ஐடிலிங்கில் பம்ப் மெதுவாகச் சுற்றும். பிரஷர் மிகக் குறைவது அப்போதுதான். தேய்ந்த பேரிங், சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அடைபட்ட வடிகட்டி, பலவீனமான பம்ப், தேவைக்கு மேல் இளகலான ஆயில், எதுவும் காரணமாகலாம். சென்சாரைக் கழற்றி, அதே துளையில் மெக்கானிக்கல் கேஜ் (பிரஷரை நேரடியாகக் காட்டும் மீட்டர்) மாட்டி, சூடான இன்ஜினில் ஐடிலிங்கிலும் 2000 ஆர்பிஎம்மிலும் அளக்கச் சொல்லுங்கள். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகளின் பழைய கைக்கணக்கு. சரியான அளவை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். இப்படி அளக்காமல் சென்சாரை மாற்றுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

கேள்வி: வயரைப் பிடுங்கினால் விளக்கு அணைகிறது. சென்சார் போய்விட்டதா?

அப்படிச் சொல்ல முடியாது. ஒற்றை வயர் சென்சார் வெறும் சுவிட்ச்தான்; பிரஷர் இல்லாதபோது வயரை எர்த்தோடு (இன்ஜினின் உலோக உடலோடு) சேர்த்து விளக்கை எரிய வைக்கிறது. பிடுங்கினால் சர்க்யூட் அறுந்து விளக்கு அணையும். சுவிட்ச் நன்றாக இருந்தாலும் அப்படித்தான். பிடுங்கிய பிறகும் எரிந்தால் வயர் எங்கோ உரசி எர்த் ஆகிறது என்று பொருள். மூன்று வயர் சென்சாருக்கு இந்தச் சோதனை பொருந்தாது, ஸ்கேனர் வேண்டும். ஸ்கேனரில் பி0522, பி0523 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் சிக்னல் வோல்டேஜில் கோளாறு. கனெக்டரையும் வயரையும் முதலில் பாருங்கள். பி0524 வந்தால் பிரஷரே குறைவு என்று வண்டி சொல்கிறது; கேஜ் மாட்டி அளந்து பாருங்கள்.

கேள்வி: கனெக்டருக்குள் ஆயில் இருக்கிறது. துடைத்தால் போதுமா?

போதாது. சென்சார் உள்ளே கசிகிறது, மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நானே மாற்றப் போகிறேன். மரையில் டெஃப்லான் டேப் சுற்றலாமா?

சுற்றாதீர்கள். ஒற்றை வயர் வகைக்கு மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது. பிய்ந்த டேப் துணுக்கு ஆயில் வழியையும் அடைக்கலாம். சிலவற்றின் மரையில் பசை தடவியே வரும், அது போதும். வாஷர் இருந்தால் புதிதாகப் போடுங்கள். இன்ஜின் ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டீப் சாக்கெட்டால் பழையதை எடுங்கள். கொஞ்சம் ஆயில் வடியும், துணி வையுங்கள். புதியதை முதலில் கையாலேயே திருகுங்கள். அலுமினிய மரை கோணலாக ஏறினால் பெரிய செலவு. முறுக்கும் அளவு மேனுவலில் இருக்கும். எல்லாம் மாட்டிய பிறகு சாவியை ஆன் செய்யுங்கள்: ஸ்டார்ட் ஆகும் முன் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லையென்றால் கனெக்டரை இன்னொரு முறை அழுத்திப் பாருங்கள்.